ஜெருதிருச்சி

ரெடிமேட் பிராஜெக்டா? இல்லீங்க சார், அது இப்ப நம்ம கடையில கிடையாது. இப்படி ஓரமா வாங்க, வெயில் அடிக்குது. உங்க மார்க் ஷீட் மூணு காப்பிதானே, மெஷின் சூடாகட்டும், போட்டுத் தர்றேன். பொண்ணுக்கா பிராஜெக்ட்? எம்.காமா? ம். போன வருஷம் இதே மாசம் வந்திருந்தீங்கன்னா, தலைப்பை மட்டும் சொல்லிட்டுப் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன். திரும்பி வர்றதுக்குள்ள பைண்டிங் பசை காயாம கையில குடுத்திருப்பேன்.

போர்டைப் பாத்துட்டு வந்தீங்களா? ‘பிரகாசம் ஜெராக்ஸ் அண்ட் பிராஜெக்ட் சென்டர்’. அந்த ‘பிராஜெக்ட் சென்டர்’ மேல பெயின்ட் அடிச்சு அழிக்கணும்னு பெயின்டர்கிட்ட சொல்லி நாலு மாசமாச்சு, வரமாட்டேங்கிறான். நானும் ரொம்ப வற்புறுத்தல, அது வேற விஷயம்.

எல்லாத்துக்கும் காரணம் எதிர்ல தெரியுது பாருங்க, அந்தக் காலேஜ் லைப்ரரி மேடம்தான் சார். ஹிதாயா மேடம். இத்தனூண்டு உசரம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்ல. பதினெட்டு வருஷமா நான் கட்டின தொழிலை ஒரே வருஷத்துல உக்கார வெச்சுட்டாங்க. முன்னாடி இருந்த லைப்ரரியன் நல்ல மனுஷன். பன்னிரண்டு மணிக்கு லைப்ரரியைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவாரு. அவருக்கும் நமக்கும் ஒரு சின்னத் தகராறுகூட வந்ததில்ல.

நான் என்ன தப்பு பண்ணேன் சொல்லுங்க. பிள்ளைங்களுக்கு நேரம் கிடையாது. காலேஜுக்கு ஒரு பிராஜெக்ட் புஸ்தகம் வேணும். என்கிட்ட நூத்தம்பது புஸ்தகம் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. மதுரைப் பொண்ணு பண்ணின பிராஜெக்டை தஞ்சாவூர்ப் பொண்ணுக்குக் குடுக்கும்போது மதுரையை எடுத்துட்டு தஞ்சாவூர் போடணும். அதுக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு வழி இருக்கு சார், இந்த வார்த்தை எங்க இருந்தாலும் எடுத்துட்டு அந்த வார்த்தையைப் போடுன்னு சொன்னா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போட்டுரும். அட்டை மாறும், பேரு மாறும், முன்னுரையில அப்பா அம்மா பேரு மாறும். உள்ள இருக்கறதை யாரு படிக்கப் போறா? வாத்தியாரும் படிக்கமாட்டாரு, பிள்ளையும் படிக்காது. நானும் படிச்சதில்ல. ஒரு தேவைக்கு மூணு பேரும் ஒத்துப்போனா அதுல யாருக்கு நஷ்டம்?

அப்படித்தான் போன வருஷம் இன்பரசி வந்துச்சு.

எம்.காம் ரெண்டாம் வருஷம். மணப்பாறைப் பக்கம் ஏதோ கிராமம். ஒல்லியா, எண்ணெய் வெச்சு இறுக்கிப் பின்னின சடை. காலையில காலேஜு, ஒண்ணரை மணிக்கு விட்டதும் நேரா கடைவீதியில ஒரு பெரிய ஜவுளிக்கடை, சேலை செக்‌ஷன்ல வேலை. ராத்திரி பத்துக்குத்தான் விடுவாங்களாம். புதன்கிழமை மட்டும் வார லீவு. “அண்ணா, ஒரு பிராஜெக்ட் வேணும், எதுவா இருந்தாலும் பரவால்ல”ன்னு கேட்டுச்சு. எதுவா இருந்தாலும்னு அதுவேதான் சொன்னுச்சு, ஞாபகம் வெச்சுக்குங்க. நான் ‘சேலம் நகரில் இரு சக்கர வாகன வாடிக்கையாளர்களின் மனநிறைவு’ன்னு ஒண்ணு இருந்ததை எடுத்தேன். இங்கிலீஷ்ல இருக்கும் சார், தலைப்பை உங்களுக்காகத் தமிழ்ல சொல்றேன். சேலத்தை எடுத்துட்டு திருச்சி போட்டேன். எல்லா இடத்துலயும் மாறுச்சு. சுத்தமான வேலை.

அதுதான் சார் வினை. சுத்தமா மாறினதுதான் வினை.

கடைசிப் பக்கத்துல, எந்தெந்தக் கட்டுரையைப் பாத்து எழுதினோம்னு ஒரு பட்டியல் வரும். அதுல எவனோ ஒரு வெளிநாட்டு புரொஃபசர், ஜெருசலேம் யுனிவர்சிட்டிக்காரரு. ஜெருசலேமை இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க, உள்ள சேலம் உக்காந்திருக்கும். அதையும் கம்ப்யூட்டர் விட்டு வைக்கல. ஜெருவை மட்டும் விட்டுட்டு சேலத்துக்குத் திருச்சி போட்டுருச்சு.

வைவாவுக்கு வெளியூர்லேருந்து வந்திருந்த எக்ஸாமினர் பாவம், வேலை கெட்ட நேரத்துல கடைசிப் பக்கத்தைப் புரட்டியிருக்காரு. “ஏம்மா, இந்த ஜெருதிருச்சி எங்க இருக்கு?”ன்னு கேட்டிருக்காரு. இந்தப் பிள்ளை என்ன சொல்லியிருக்கும்னு நினைக்கறீங்க? “திருச்சிக்குப் பக்கத்துல சார்”னு சொல்லியிருக்கு.

சிரிக்காதீங்க சார். அங்கயும் அப்படித்தான் எல்லாரும் சிரிச்சாங்களாம். எக்ஸாமினர் சிரிச்சு, ஹெச்.ஓ.டி. சிரிச்சு, டீ கொண்டு வந்த ஆயா என்னன்னு தெரியாமலே சிரிச்சிருக்கு. சிரிச்சு முடிச்சிட்டு ஹெச்.ஓ.டி. சொன்னாராம்: “ஒரு மாசம் டைம். புதுசா நீயே பண்ணு. லைப்ரரி மேடம்கிட்ட எப்படித் தேடறதுன்னு கத்துக்க. என்ன தேடினே, எங்க தேடினே, எத்தனை வந்துச்சு, எதை எடுத்தே, எதை ஏன் விட்டேன்னு ஒரு நோட்டுப் போட்டுக் காட்டணும். இல்லேன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.” அடுத்த வருஷமா? அந்தப் பொண்ணுக்கு ஒரு பள்ளிக்கூடத்துல ஆபீஸ் வேலை பேசி வெச்சிருந்தாங்க, ஜூன்ல சேரணும். உக்காந்து பாக்கற வேலை. எம்.காம் சர்டிபிகேட் இல்லேன்னா கிடையாது.

அன்னிக்கு மத்தியானம் கடைக்கு வந்துச்சு. திட்டும்னு நினைச்சேன். பதில்கூட ரெடி பண்ணி வெச்சிருந்தேன். அந்தப் புஸ்தகத்தை எடுத்து இந்தக் கல்லாப் பக்கத்துல வெச்சுட்டுச் சொன்னுச்சு: “ஜெருசலேம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் அண்ணா. நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்ல, அதான்.” அவ்வளவுதான். போயிடுச்சு. ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

கோவம் யாரு மேல வரும்? எனக்கு லைப்ரரி மேடம் மேல வந்துச்சு. நேரா போனேன். கையில மூடி கழட்டின பேனாவோட உக்காந்திருந்தாங்க.

“மேடம், எதுக்குப் பிள்ளைங்களை இப்படி இம்சை பண்றீங்க? நோட்டுப் போடு, தேடு, எண்ணுன்னு. பதினெட்டு வருஷமா இந்த ஏரியாவுல பிராஜெக்ட் பண்றவன் நான். எனக்குத் தெரியாத ஆராய்ச்சியா?”

“நீங்கதான் பிரகாசம் ஜெராக்ஸா?”ன்னாங்க. “உக்காருங்க சார். உங்க புஸ்தகம் எங்க அலமாரியில இருநூத்திச் சொச்சம் இருக்கு. நேத்துத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். மூணு வேற வேற ஊர்ல, மூணு வேற வேற வருஷத்துல, நூத்திருபது பேர்கிட்ட கேட்டதுல சரியா எழுபத்து மூணு பேரு ‘ஆமாம்’னு சொல்லியிருக்காங்க. அது எப்படி சார்?”

“மக்கள் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதானே மேடம்”னேன். நல்ல பதில்தானே? அவங்களுக்கே சிரிப்பு வந்துருச்சு.

“அந்தப் பொண்ணுக்காகத்தானே வந்தீங்க? புதன்கிழமை ரெண்டு மணிக்கு வகுப்பு. நீங்களும் வாங்க”ன்னாங்க.

நான் ஏன் ஒத்துக்கிட்டேன்னு உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. அந்தத் தேடல் நோட்டு எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாத்துட்டா, அதையும் ரெடிமேடாப் போட்டுரலாம்னு ஒரு கணக்கு. தொழில்னா மாறிக்கிட்டே இருக்கணும் சார்.

முதல் புதன்கிழமை பிள்ளைங்க பன்னிரண்டு பேரு, இன்பரசி, கடைசி வரிசையில நான். டேட்டாபேஸ்னா என்னன்னு முதல்ல சொன்னாங்க. உலகத்துல எவனெவன் என்னென்ன ஆராய்ச்சி பண்ணினானோ, அந்தக் கட்டுரையெல்லாம் அடுக்கி வெச்ச கம்ப்யூட்டர் அலமாரி. கூகுள் மாதிரி நாம தப்பாக் கேட்டாலும் ‘இதைத்தானே கேட்டே கண்ணு’ன்னு கொஞ்சாது. கேட்டதைத்தான் குடுக்கும். பத்து வருஷமா காலேஜ்ல அது இருக்காம், ஒருத்தரும் திறந்து பாக்கல.

“உங்களுக்கு நெசமா எது தெரிஞ்சுக்கணுமோ அதைத் தலைப்பா எடுங்க”ன்னாங்க மேடம். எல்லாரும் முழிச்சாங்க. இன்பரசி மட்டும், “நாள் முழுக்க நிக்கிறதைப் பத்திப் பண்ணலாமா மேடம்?”னு கேட்டுச்சு. அந்தக் கடையில சேலை எடுத்துப் போடற பொண்ணுங்க எட்டு மணி நேரம், பண்டிகைன்னா பதினொரு மணி நேரம் நிப்பாங்களாம். உக்கார நாற்காலி குடுக்கணும்னு நம்ம கவர்ன்மென்ட் சட்டமே போட்டிருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. நாற்காலி இருக்காம். அது மேல சேலைக் கட்டு உக்காந்திருக்குமாம். அந்தக் கடையிலதான் சார் நாங்க தீபாவளிக்கு எடுத்தோம். நான் சோபாவுல இருந்தேன், என் வீட்டம்மா ரெண்டரை மணி நேரம் பாத்துட்டு முதல்ல எடுத்துப் போட்ட சேலையையே வாங்கினா. யாரு எடுத்துப் போட்டாங்கன்னு கவனிக்கல. இன்பரசியா இருந்தாலும் இருந்திருக்கும்.

மேடம் சரின்னதும், இன்பரசி அந்த டேட்டாபேஸ்ல ‘கடையில் நிற்கும் பெண்களின் பிரச்சனைகள்’னு இங்கிலீஷ்ல ஒரு வாக்கியமாவே அடிச்சுச்சு. வந்துச்சு பாருங்க. நிக்கிறதுக்கு இங்கிலீஷ்ல ஸ்டாண்டிங்தானே. வயல்ல நிக்கிற பயிரைப் பத்தி ஒரு கட்டுரை. பார்லிமென்ட்ல ஸ்டாண்டிங் கமிட்டி பத்தி ஒரு கட்டுரை. சமுதாயத்துல பெண்களோட நிலை பத்தி முப்பது கட்டுரை. இந்தப் பிள்ளை நிக்கிறதைப் பத்தி ஒண்ணே ஒண்ணு இல்ல. அதோட முகத்தைப் பாக்கணுமே. “அப்ப இதைப் பத்தி யாருமே யோசிக்கல போல மேடம்”னுச்சு.

“யோசிச்சிருப்பாங்க. வேற பேரு வெச்சிருப்பாங்க”ன்னாங்க மேடம். ஒரு பேப்பரை நாலா மடிச்சாங்க. “கடைப் பொண்ணுங்க நீங்க இதை என்னன்னு சொல்லுவீங்க? ஒரு கட்டத்துல எழுது. டாக்டர் என்னன்னு சொல்லுவாரு? இன்னொண்ணுல. சட்டம் என்ன சொல்லும்? முதலாளி என்ன சொல்லுவாரு?”

இன்பரசி எழுதினதை நான் எட்டிப் பாத்தேன். தன் கட்டத்துல ‘கால் மரத்துப்போறது, நரம்பு சுருட்டிக்கறது, இடுப்பு விட்டுப்போறது’. சட்டத்தோட கட்டத்துல ‘உட்காரும் உரிமை’. முதலாளி கட்டத்துல ‘ஃப்ளோர் டியூட்டி’. டாக்டர் கட்டம் காலி.

அடுத்த புதன்கிழமை, தேடற வார்த்தைங்களுக்கு நடுவுல போடற அண்ட், ஆர், நாட். இதுல நான் கொஞ்சம் மாட்டிக்கிட்டேன், உண்மையைச் சொல்லணும். ரெண்டு வார்த்தைக்கு நடுவுல அண்ட் போட்டா அதிகமா வரும்னு நினைச்சேன். ஓட்டல்ல ஒரு வடை, அண்ட் ஒரு டீன்னா கூடத்தானே வரும்? இங்க குறையுது சார். ஆர் போட்டாத்தான் கூடுது. மேடம் ரெண்டு வட்டம் போட்டு விளக்கறாங்க, எனக்கு ஏறல. பிள்ளைங்களுக்கும் ஏறல. அப்ப இன்பரசி எந்திரிச்சுச்சு. “மேடம், கஸ்டமர் வந்து பச்சையும் இருக்கணும், சின்ன பார்டரும் இருக்கணும்னு கேட்டா நான் நாலு சேலைதான் எடுத்துப் போட முடியும். பச்சையோ நீலமோ எதுவானாலும் காட்டுன்னா அலமாரியே இறங்கும். புட்டாப் பூ மட்டும் வேண்டாம்னா, போட்டதுல பாதியைத் திரும்ப மடிக்கணும். அதானே?”

மேடம் சாக்பீஸைக் கீழ வெச்சுட்டாங்க. “அதேதான்”னாங்க. அன்னிலேருந்து அந்த வகுப்புல யாரும் அண்ட், ஆர், நாட்னு சொல்றதில்ல. பார்டர், கலர், புட்டான்னுதான் பேச்சு.

அன்னிக்கே என் நோட்டையும் கேட்டாங்க. நானும் வீட்டுப்பாடம் பண்ணிட்டுப் போயிருந்தேன். ஜெராக்ஸ் மெஷின்ல பேப்பர் ஜாம் ஆகறதைப் பத்தித் தேடினேன், இருநூத்தம்பது கட்டுரை வந்துச்சு, அதுல பத்து எடுத்தேன்னு அழகா கோடு போட்டு எழுதியிருந்தேன். மேடம் என் முன்னாலயே அதே வார்த்தையை அடிச்சாங்க. ஒம்பதுன்னு வந்துச்சு. ஒம்பதுல பத்து எப்படி எடுத்தீங்கன்னு அவங்க கேக்கல. ‘9’னு மட்டும் சிவப்பு மையில எழுதிக் குடுத்தாங்க. நெட் ஸ்லோவா இருந்தா இப்படித்தான் சார் குறைச்சுக் காட்டும்.

இப்பத்தான் முக்கியமான இடம். கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

மூணாவது புதன். பத்து நாள்தான் பாக்கி. வார்த்தையை ரெண்டு பக்கமும் கொட்டேஷன் போட்டு அடைச்சா, பிரிக்காம சேத்துத் தேடும்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க. இன்பரசி ‘ப்ரோலாங்டு ஸ்டாண்டிங்’னு, அதாவது ரொம்ப நேரம் நிக்கிறதுன்னு, கொட்டேஷனுக்குள்ள அடிச்சுப் பாத்துச்சு. வந்துச்சு, ஆனா பட்டாளத்துக்காரன் பரேட்ல மயக்கம் போடறது, டாக்டருங்க ஆபரேஷன்ல நிக்கிறதுன்னு வந்துச்சு. தனியா முட்டி வலின்னு தேடினா வயசானவங்க கட்டுரை. தனியா இடுப்பு வலின்னா லாரி டிரைவர் கட்டுரை. “இது எல்லாத்தையும் சேத்து டாக்டருங்க ஒரு பொதுப்பேரு வெச்சிருப்பாங்க. அது கிடைச்சாப் பூட்டு திறந்துரும். யோசிங்க”ன்னாங்க மேடம். மேடத்துக்குத் தெரியாமயா இருக்கும்னு இப்ப தோணுது. அப்ப தோணல.

என் வாய் தானாத் திறந்துச்சு சார். “மஸ்குலோஸ்கெலிட்டல் டிஸார்டர்ஸ்”.

பதிமூணு தலையும் திரும்புச்சு. “ஸ்பெல்லிங் சொல்ல முடியுமா சார்?”ன்னாங்க மேடம். கண்ணை மூடிக்கிட்டு, மேஜை மேல விரலால டைப் அடிச்சுக்கிட்டே ஒவ்வொரு எழுத்தா சொன்னேன். ஒரு எழுத்து தப்பில்ல. பிசியோதெரபி காலேஜ் பிள்ளைங்களுக்கு ஆறு வருஷம் டைப் பண்ணினவன் நான். இன்பரசி அந்த வார்த்தையைப் போட்டு, கூட கடைத் தொழிலாளிக்கு மேடம் சொன்ன ‘ரீடெய்ல் வொர்க்கர்ஸ்’னு ஒரு பேரையும் பார்டர் மாதிரிச் சேத்துத் தேடினா, நாப்பத்தாறு கட்டுரை. அதுல ஒண்ணு அச்சு அசலா அது சொன்னது. கடையில நாள் முழுக்க நிக்கிற பொண்ணுங்க. வேற தேசம், ஆனா அதே கால், அதே நரம்பு. அந்தப் பிள்ளை திரையைத் தொட்டுத் தொட்டுப் படிச்சுச்சு. “மேடம், இவங்களுக்கும் ராத்திரியில கெண்டைக்கால் இழுக்குதாம்”னுச்சு. என்னமோ சொந்தக்காரங்களைக் கண்டுபிடிச்ச மாதிரி.

வகுப்பு முடிஞ்சு, மேடம்கிட்ட மெதுவா, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன். எலும்பு, தசை சம்பந்தமான கோளாறுன்னாங்க. ஆயிரம் தடவை அடிச்சிருப்பேன், அன்னிக்குத்தான் தெரியும். வெளிய காட்டிக்கல.

அதுக்கப்புறம் ஒரு சண்டை. நல்லது பண்ணப் போய் வந்த சண்டை சார். ஆறு நாள்தான் இருக்கு, இன்பரசி பதினாலு கட்டுரைதான் படிச்சிருக்கு. முழுக்கப் படிக்குது, டிக்‌ஷனரியை வெச்சுக்கிட்டு. அதுவும் போதாதுன்னு அந்தக் கடையில வேலை பாக்கற முப்பத்தோரு பொண்ணுங்ககிட்ட, டாய்லெட் போற வழியில, டீ குடிக்கற அஞ்சு நிமிஷத்துலன்னு கேள்வித்தாள் குடுத்து எழுதி வாங்குது. ஃப்ளோர் மேனேஜர் பாத்துட்டு, “என்னடி யூனியனா?”ன்னு மிரட்டியிருக்கான். “காலேஜ் பாடம் சார்”னு சமாளிச்சிருக்கு. வேலையே போயிருக்கும். இத்தனை பாடு எதுக்குன்னு, தட்டெழுத்துக்கு என்கிட்ட குடுத்திருந்த நோட்டுல நானே நாப்பது கட்டுரை பேரைச் சேத்து எழுதி, முப்பத்தோரு பேரை நூத்திருபதா ஆக்கி வெச்சேன். முப்பத்தொண்ணுன்னா யாரு மதிப்பா?

வந்து பாத்துச்சு. அந்தப் பக்கங்களை ஒவ்வொண்ணாக் கிழிச்சுச்சு. கத்தல. “அண்ணா, இந்த முப்பத்தோரு பேருல நானும் ஒருத்தி. ஏழாவது தாள் என்னுது. இது என் கால் அண்ணா. இதைப் போய் எப்படி நூத்திருபதாக்குவீங்க?”

நான் அது காலைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேனா சார்? எண்ணிக்கையைத்தானே மாத்தினேன். ஆனாலும் கிழிச்சதுக்கு அப்புறம் முப்பத்தோரு தாளையும் உக்காந்து ஒண்ணுவிடாம டைப் பண்ணிக் குடுத்தேன். முதல் தடவையா உள்ள இருக்கறதையும் படிச்சேன். பதினெட்டாவது தாள்ல ஒரு அம்மா, வயசு நாப்பத்து நாலு, ‘வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள்’ங்கற கேள்விக்கு ‘செருப்பை அறுக்கணும் போல இருக்கும்’னு எழுதியிருந்துச்சு. வீக்கம் சார். செருப்பு கழலாது. அந்த ஒரு வரியை ரெண்டு தடவை டைப் பண்ணிட்டேன் போல, அப்புறம் ஒண்ணை எடுத்தேன்.

பைண்டிங் நாள் வந்துச்சு. நன்றியுரையை அதுவே எழுதியிருந்துச்சு. என்கிட்ட பதினாறு மாதிரி நன்றியுரை இருக்கு, ‘என்னைக் கண்ணின் மணி போல்’னு ஆரம்பிக்கறது ரொம்பப் போகும். அதை வேண்டாம்னுடுச்சு. பாத்தா, மேடத்துக்கு நன்றி, கடைப் பொண்ணுங்களுக்கு நன்றி, முடிஞ்சுது. என் பேரு இல்ல. எனக்கு எப்படி இருக்கும்? மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டேன்.

“கடைசியில பாருங்க அண்ணா”ன்னுச்சு. தேடல் நோட்டை அப்படியே பின்னிணைப்பாச் சேத்திருந்துச்சு. எந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தேன்னு ஒவ்வொண்ணுக்கும் எழுதியிருந்துச்சு. இந்தச் சொல் இந்தக் கட்டுரையில, அந்தச் சொல் அந்தச் சட்டத்துல. ‘மஸ்குலோஸ்கெலிட்டல் டிஸார்டர்ஸ்’க்கு எதிர்ல: ‘தங்கப்பிரகாசம், பிரகாசம் ஜெராக்ஸ், நேர்ப்பேச்சு’ன்னு தேதி போட்டிருந்துச்சு. நேர்ல சொன்னதையும் ஆதாரமாக் காட்டறதுக்கு முறை இருக்காம். நான் ஒரு ஆதாரம் சார். எந்த பிராஜெக்ட் சென்டர்காரனாவது ஆதாரமா இருக்கானா, இந்தத் தெரு பூரா கேட்டுப் பாருங்க.

ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கேன், காட்டறேன் இருங்க. எங்க வெச்சேன்... சரி, அப்புறம்.

வைவா அன்னிக்கு நான் கடையைப் பாதி சாத்திட்டு அந்த வேப்ப மரத்தடியில போய் நின்னேன். அதே எக்ஸாமினர்தான் வந்திருந்தாரு. நாலு பேரு போயிட்டு வந்தாங்க, ஒவ்வொருத்தரும் பத்து நிமிஷம். இன்பரசி உள்ள போயி முக்கால் மணி நேரம். எனக்கு ஒரே யோசனை. என்ன கேட்டிருப்பாரு, என் பேரு இருக்கற பக்கத்தைப் பாத்திருப்பாரா, யாரும்மா இந்தத் தங்கப்பிரகாசம்னு கேட்டா இது ஒழுங்காச் சொல்லுமான்னு.

கதவு திறந்துச்சு. கண்ணெல்லாம் செவந்திருக்கு, வாயெல்லாம் சிரிப்பு. மேடம் பின்னாலயே வந்து அது தோள்ல கை வெச்சாங்க. பாஸு சார். நல்ல பாஸு. அந்த பிராஜெக்டைக் காலேஜோட கம்ப்யூட்டர் அலமாரியிலயே ஏத்தச் சொல்லிட்டுப் போயிருக்காரு எக்ஸாமினர். ஜூன்ல ஸ்கூல் வேலையிலயும் சேந்துருச்சு. அந்த வருஷமே ஹெச்.ஓ.டி. எல்லாருக்கும் தேடல் நோட்டுக் கட்டாயம்னு போர்டுல ஒட்டினாரு. என் தொழில் அன்னிக்குப் போச்சு. இப்ப உங்க பொண்ணையும் புதன்கிழமை அங்கதான் அனுப்பணும், வேற வழி கிடையாது. நானும் சும்மா போய் உக்காருவேன், மழைக்காலத்துல மெஷின்ல பேப்பர் ஏன் ஒட்டிக்குதுன்னு ஒரு சந்தேகம், அது பாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கு.

நான் சொல்ல வந்தது அதில்ல. வைவா முடிஞ்சு இன்பரசி வெளிய வந்ததும் நான் முதல் கேள்வியா என்ன கேட்டேன்? “என் வார்த்தையைப் பத்தி ஏதாவது கேட்டாரா பாப்பா?”

“கேக்கல அண்ணா.”

“ஒண்ணுமே கேக்கலியா?”

“முதல்ல கேள்வியே கேக்கல அண்ணா. நான் எப்பவும் போல எதிர்ல போய் நின்னேன். அவரு புஸ்தகத்தைத் திறந்து, நடுவுல கொஞ்ச நேரம் படிச்சாரு. அப்புறம் ஆயாவைக் கூப்பிட்டு, இந்தப் பொண்ணுக்கு ஒரு நாற்காலி கொண்டு வந்து போடுங்கன்னாரு. உக்காந்து சொல்லும்மான்னாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் உக்காந்து சொன்னேன் அண்ணா”ன்னு சொல்லிட்டு மறுபடி கண்ணைத் தொடைச்சுக்குது.

பாத்தீங்களா சார்? பதினெட்டு வருஷ அனுபவத்துலேருந்து, கண்ணை மூடிக்கிட்டு, ஒரு எழுத்து பிசகாம எடுத்துக் குடுத்த வார்த்தை. அதைப் பத்தி முக்கால் மணி நேரத்துல ஒரு கேள்வி கேக்கல அந்த மனுஷன். நாற்காலி போட்டாராம், நாற்காலி. இந்தப் பொண்ணு இன்னிக்கு வரைக்கும், யாரைப் பாத்தாலும், அதை மட்டும்தான் சொல்லிக்கிட்டு இருக்கு.